பதினோராவது கட்டம்

மாதாந்திர விற்பனை அறிக்கையில் பன்னிரண்டு கட்டங்கள். ரூட் எண், இணைப்புகள், அனுப்பிய யூனிட், விற்ற யூனிட், வசூல், இழப்பு விகிதம் என்று முதல் பத்தையும் எண்கள் அடைத்துக்கொள்ளும். பன்னிரண்டாவது கையெழுத்துக்கு. பதினோராவது ஒன்றுதான் வார்த்தைக்கு. ஒரு ரூட்டுக்கு, அதாவது ஒரே ஆள் மீட்டர் பார்க்கும் பகுதிக்கு, அனுப்பிய மின்சாரத்துக்கும் அங்கே விற்ற மின்சாரத்துக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு இருபதைத் தாண்டிவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. எந்த விதிப்புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்த அறிக்கையைத் தயாரிக்கும் பெண்ணை மின் விநியோக அலுவலகத்தில் எல்லோரும் புள்ளியக்கா என்றே கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கும் வயது. புள்ளிவிவரப் பிரிவில் மொத்தம் இரண்டு நாற்காலிகள். ஒன்று ஆள் போடாமல் காலியாகவே கிடந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு அவள் அங்கே வந்தபோது, முன்பிருந்தவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டை விட்டுப் போயிருந்தார். 'மின்திருட்டு இருக்கலாம். விசாரணைக்கு உரியது.' பதினோராவது கட்டத்தில் எழுத வேண்டிய வாசகம் அது. அவளும் ஆறு வருஷமாக அதைப் பார்த்து எழுதிவந்தாள். யாரும் எதுவும் கேட்டதில்லை. தினமும் காலையில் பேனாவைத் திறக்குமுன் கண்ணை மூடி, 'என் கையால் யாருக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்' என்று கடவுளிடம் கேட்டுக்கொள்பவள் அவள். அந்த வாசகத்தை எழுதும்போது அது ஒரு கெடுதல் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

புதிய செயற்பொறியாளர் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பன்னிரண்டு கட்டங்களையும் படிப்பவர்.

பன்னிரண்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு அவளைக் கூப்பிட்டார். மேஜையில் போன மாதத்துக்கான அவளுடைய அறிக்கை கிடந்தது. அதன்மேல் தட்டச்சு செய்த ஓர் உத்தரவு.

"பதினாலாம் ரூட். அறுபதாயிரம் யூனிட் அனுப்பியிருக்கோம். வித்தது முப்பத்தாறாயிரத்து நானூறு. முப்பத்தொன்பது பர்சன்ட் காணோம். அதுக்கு முந்தின மாசம் வரைக்கும் பதிமூணு" என்றார். "நீங்களே எழுதியிருக்கீங்க, திருட்டுன்னு."

"இருக்கலாம்னு எழுதியிருக்கேன் சார்."

"முன்னூத்தி எண்பது வீடும் கடையும் ஒரே மாசத்துல ராத்திரியோட ராத்திரியா கொக்கி போட்டுட்டாங்களா? ரீடிங் எடுக்கிறவன் காசு வாங்கிட்டுக் கம்மியா எழுதினாத்தான் இப்படி விழும். அவனை சஸ்பெண்ட் பண்றேன். நாலு மணித் தபால்ல போகணும்." உத்தரவை அவள் பக்கம் நகர்த்தினார். கீழே அவர் கையெழுத்துக்கு மேல், 'விவரம் சரிபார்த்தவர்' என்று ஓர் இடம் காலியாக இருந்தது. "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

உத்தரவில் இருந்த ஆளை அவளுக்குத் தெரியும். அலுவலகம் அவனை வேகம் என்று கூப்பிடும். காலையில் ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் ரூட்டை முடித்துவிட்டு வந்து நிற்பான். அதனால் அந்தப் பெயர். எட்டு மாதமாக ஆள் பாதியாகிவிட்டான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இலாகா கொடுத்த மருத்துவ அட்டையை வைத்துத்தான் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு உயிரைப் பிடித்து வைத்திருந்தான். சஸ்பெண்ட் ஆனால் அன்றைக்கே அட்டை முடங்கும்.

"சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபாத்துக்கறேன்."

"எழுதறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும்" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது. "மூணரை வரைக்கும் டைம். அதுக்கு மேல நானே போட்டுக்கறேன்."

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பதினாலாம் ரூட்டின் தாளை எடுத்து, வாசகத்தை விட்டுவிட்டு, எண்களை மட்டும் முதலிலிருந்து படித்தாள். வீடுகள், கடைகள், சிறு பட்டறைகள், பொது இடங்கள், தெருவிளக்கு. எல்லாமே குறைந்திருந்தன. விரல் தெருவிளக்கில் வந்து நின்றது. முந்தைய மாத அறிக்கையில் மூவாயிரம் யூனிட். இந்த அறிக்கையில் இரண்டாயிரத்து நூறு.

தெருவிளக்கு ஆறு மணிக்கு எரிந்து ஆறு மணிக்கு அணைவது. அதற்கு விருந்தாளி வருவதில்லை, ஊருக்குப் போவதில்லை, யாருக்கும் காசு கொடுத்துக் குறைத்து எழுதச் சொல்வதும் இல்லை. அதனுடைய யூனிட் ஏன் குறைய வேண்டும்?

அவள் எழுந்து பதிவறைக்குப் போய் பதினாலாம் ரூட்டின் பேரேட்டைக் கேட்டு வாங்கிவந்தாள். அட்டை கிழிந்த, கனமான புத்தகம். முன்னூற்று எண்பது இணைப்புகளையும் முந்தைய மாதத்தோடு வகுத்துப் பார்க்க நேரமில்லை. பத்துக்கு ஒன்று என்று எடுத்தாள். ஏழு பேர் இருக்கும் வீடு: இருநூறு யூனிட் நூற்று முப்பத்தெட்டு ஆகியிருந்தது. தையல் கடை: தொண்ணூறு, அறுபத்து நான்கு. வழிபாட்டுக் கூடம்: நூற்றைம்பது, நூற்று ஆறு. ஆள் வெளியூரில் இருக்க வாசலில் ஒற்றை பல்பு மட்டும் எரியும் பூட்டிய வீடு: பத்து, ஏழு. பள்ளிக்கூடம், மருந்துக் கடை, தண்ணீர்த் தொட்டி மோட்டார்... எதை எடுத்தாலும் பத்தில் ஏழு. கொஞ்சம் முன்னே பின்னே, ஆனால் பத்தில் ஏழு.

திருட்டு இப்படி இருக்காது. திருடுகிறவன் அதிகம் எரிக்கிற வீட்டில் திருடுவான், பூட்டிய வீட்டில் ஒற்றை பல்புக்காக மூன்று யூனிட் திருட மாட்டான். முப்பத்தெட்டு கணக்குப் பார்த்து முடித்தபோது, முப்பத்தொன்பதாவதாக அவள் கண்ணில் பட்டது அவர்களுடைய சொந்தத் துணை மின்நிலையம். அந்த ரூட்டில்தான் அதுவும் இருந்தது. அலுவலக விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனி மீட்டர். முந்தைய கணக்கில் அறுநூறு யூனிட். இந்தக் கணக்கில் நானூற்று இருபத்து மூன்று.

அப்படியானால் இலாகாவே தன்னிடம் திருடுகிறதா?

ஒரு மணிக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் தினமும் அந்த நேரத்தில் ஒரு கேள்வி கேட்பார்.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

"ஏன், சாப்பாட்டை எவனாவது திருடிட்டானா?"

அவள் பேரேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"என்னம்மா, சிரிக்கக்கூட மாட்டேங்கற?"

"ஒரு தப்பு பண்ணிட்டேன். சாயந்தரம் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்து வேகத்தின் எண்ணுக்கு அழைத்தாள். எடுத்தது ஒரு பெண்.

"அவர் ரூட்டுக்குப் போயிருக்காருங்க. போனை வீட்டுல வச்சுட்டுப் போயிட்டாரு."

"நீ அவர் சம்சாரமா? நான் ஆபீஸ்லேருந்து புள்ளியக்கா பேசறேன்மா."

"சொல்லுங்க மேடம். வந்ததும் சொல்றேன். ரூட்டுக்குத்தான் போயிருக்காரு" என்றாள் மறுபடியும், ஒப்பித்த மாதிரி. அவளுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது: டோக்கன் முப்பத்திரண்டு, மூன்றாவது படுக்கை. அந்தப் பெண் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். இருவருக்கும் அந்தக் குரல் கேட்டது என்று இருவருக்கும் தெரிந்தது.

"சரிம்மா. அவரைப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லிப் புள்ளியக்கா வைத்தாள்.

ஆள் ஆஸ்பத்திரியில். வருகைப் பதிவேட்டைப் போய்ப் பார்த்தாள். காலை ஒன்பது மணிக்கு அவனுடைய கையெழுத்து இருந்தது. போன மாதமும் எல்லா நாளும் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறான். அப்படியானால் முன்னூற்று எண்பது படியேறி மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தது யார்?

பேரேட்டில் ரீடிங் எல்லாம் வேகத்தின் கையெழுத்தில் இல்லை. ஏழுகள் எல்லாம் நடுவில் ஒரு கோடு போட்ட ஏழுகள். அந்த மாதிரி ஏழு போடுகிற ஆள் அலுவலகத்தில் ஒருவர்தான். பதினைந்தாம் ரூட்காரர். மீட்டர் பெட்டியைத் திறக்குமுன்பே 'இந்த வீட்டுக்கு நூத்தி நாப்பது' என்று சொல்லிவிட்டுத் திறப்பார். பத்துக்கு ஆறு தடவை சரியாக இருக்கும். அதனால் அவருக்கு ஜோசியர் என்று பெயர்.

தேதியெல்லாம் இருபத்தொன்று என்றே எழுதியிருந்தது. ரூட்டுக்கு விதித்த தேதி அதுதான். ஆனால் இருபத்தொன்றாம் தேதி ஜோசியர் தன் சொந்த ரூட்டில் இருந்தாக வேண்டும். ஒரே நாளில் ஒரு மனிதர் இரண்டு ரூட் நடக்க முடியாது.

மணி இரண்டேகால். அவள் துணை மின்நிலையத்துக்குப் போன் செய்தாள். பணியில் இருந்தவர் மெதுவாகப் பேசுகிறவர்.

"அண்ணே, உங்க ஆபீஸ் மீட்டரைத் தினமும் எட்டு மணிக்குப் பாத்து லாக் புத்தகத்துல எழுதுவீங்கல்ல?"

"எழுதாம? எழுதலேன்னா உங்க சார் தோலை உரிச்சிடுவாரு."

"போன மாசம் இருபத்தொண்ணாந் தேதி என்ன ரீடிங்?"

புத்தகம் புரளும் சத்தம். "இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்... இருபத்தொண்ணு... பதினெட்டாயிரத்து எண்ணூத்தி இருவது."

அவளிடம் இருந்த பேரேட்டில் 18,643.

"அறுநூத்தி நாப்பது வாக்குல எந்த நாள் இருக்கு பாருங்க."

"அதெல்லாம் இன்னும் முன்னாடி போகணுமே. பத்து... பதினொண்ணு... இந்தா, பன்னெண்டாந் தேதி எட்டு மணிக்கு பதினெட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது. மறுநாள் அறுநூத்தி அறுவது. ஏம்மா, எங்க மேல ஏதாவது கேஸா?"

"இல்லண்ணே. நீங்க ஒரு பெரிய உபகாரம் பண்ணியிருக்கீங்க. அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க."

அவள் தாளில் எழுதிப் பார்த்தாள். அதற்கு முந்தைய மாதம் இருபத்தொன்றிலிருந்து போன மாதம் பன்னிரண்டு வரை இருபத்தொரு நாள். முப்பது நாளுக்குப் பதில் இருபத்தொரு நாள். பத்தில் ஏழு. அனுப்பிய யூனிட்டை இயந்திரம் மாதம் முழுக்கவும் எண்ணியது. விற்ற யூனிட்டை மனிதன் இருபத்தொரு நாளுக்கு மட்டும் எண்ணிக்கொண்டு வந்தான். நடுவில் காணாமல்போன மின்சாரம் எங்கேயும் போகவில்லை. அது அந்த முன்னூற்று எண்பது மீட்டர்களுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

யாரும் திருடவில்லை. நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே போகவும் செய்தது. இதைச் சொன்னால், கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகாத ஆள் என்று வேகம் மாட்டுவான். சொல்லாவிட்டால் திருடன் என்று மாட்டுவான். இரண்டிலும் அட்டை போகும்.

அவள் போன் செய்து வரச் சொல்ல, ஜோசியர் இரண்டே முக்காலுக்கு வந்தார். பருத்த மனிதர், மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. கையில் ரீடிங் புத்தகம், சட்டை முழுக்க வேர்வை. அவள் அவரைப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் முதலில் சிரித்து மழுப்பப் பார்த்தார். "என்னக்கா, நீங்க என்னைவிடப் பெரிய ஜோசியரா இருக்கீங்க."

"அண்ணே, மணி பாருங்க. மூணரைக்கு அந்த உத்தரவு போயிடும்."

சிரிப்பு போய்விட்டது. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மாசம் முதல் பன்னெண்டு நாள் எனக்கு ரூட் கிடையாது, நோட்டீஸ் குடுக்கற வேலைதான். அதுல ரெண்டு நாளை ஒதுக்கி அவன் ரூட்டை முடிச்சுத் தந்தேன். போன மாசத்துலேருந்து படியேற முடியலக்கா அவனால. முதல் மாடியிலயே உக்காந்துடறான். லீவு எல்லாம் தீந்து போச்சு. சம்பளமில்லாத லீவு தொடர்ந்தாப்பல தொண்ணூறு நாள் தாண்டினா அட்டையை ரத்து பண்ணிடுவாங்களாம். தேதியை மாத்திப் போட்டா கம்ப்யூட்டர் வாங்காது. அதான் இருபத்தொண்ணுன்னே எழுதிட்டேன்." நெற்றி வேர்வையைத் துடைத்தார். "நல்லது பண்றேன்னு நெனச்சேன். அவன் தலையிலயே கல்லைத் தூக்கிப் போட்டிருக்கேன்."

"வாங்க, சார்கிட்ட சொல்லிடலாம்."

"சொன்னா மட்டும்? வேலைக்கு வராம கையெழுத்துப் போட்டான்னு அனுப்புவாரு. ஒரு காரியம் பண்ணலாம் அக்கா. இப்ப எப்படியோ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்போம். விசாரணை நடக்கட்டும். அடுத்த மாசம் ரீடிங் சரியா வந்துடும்ல, அப்ப திருட்டு இல்லேன்னு தானா தெரிஞ்சுடும்."

"தெரியாதுண்ணே. அதுதான் எனக்கு பயமா இருக்கு. அவரை சஸ்பெண்ட் பண்ணினா புது ஆளு இருபத்தொண்ணாந் தேதி ரீடிங் எடுப்பான். நாப்பது நாள் யூனிட் ஒரே மாசத்துல வந்து விழும். நம்ம அறிக்கையில என்ன தெரியும்? ஆளைத் தூக்கினதும் யூனிட் எகிறிடுச்சுன்னு தெரியும். திருட்டுக்கு அதுவே சாட்சியாயிடும். நானே என் கையால அந்தச் சாட்சியை எழுதி அனுப்புவேன்."

ஜோசியர் அவளையே பார்த்தார். மீட்டரைத் திறக்குமுன் எண்ணைச் சொல்கிற மனிதருக்கு அந்த எண் நன்றாகவே புரிந்தது.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேக்கணும். ஆனா அவர் இப்ப படுக்கையில ஊசியோட கிடக்காரு. கேட்டா, என்னை விட்டுடுங்க, ஜோசியரை மாட்டி விடாதீங்கன்னுதான் சொல்லுவாரு." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அண்ணே, நம்ம சொல்லப்போறதும் அவருக்குக் கஷ்டத்தைத்தான் குடுக்கும். ஆனா நோயாளின்னு தெரிஞ்ச ஒருத்தருக்கு யாராவது ஒரு மனுஷன் இரங்கலாம். திருடன்னு எழுதிட்டா இரங்கறதுக்கு வழியே இல்ல."

அவர் ரீடிங் புத்தகத்தால் முகத்தை விசிறிக்கொண்டார். பிறகு, "நடங்க" என்றார்.

செயற்பொறியாளரின் அறையில் மணி மூன்று இருபத்தைந்து. உத்தரவு அதே இடத்தில் இருந்தது. பேனா திறந்து அதன்மேல் கிடந்தது. புள்ளியக்கா பேரேட்டை விரித்து வைத்தாள். தெருவிளக்கில் ஆரம்பித்தாள். பூட்டிய வீட்டைச் சொன்னாள். வழிபாட்டுக் கூடத்தைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல், தானே பென்சிலை எடுத்து நான்கைந்து இணைப்புகளை வகுத்துப் பார்த்தார். கடைசியாக அவள் துணை மின்நிலையத்தின் வரியைக் காட்டினாள்.

"இது திருட்டுன்னா நம்மளும் திருடங்க சார்."

லாக் புத்தகப் படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். பன்னிரண்டாம் தேதி. 18,640.

"அப்ப பொய்த் தேதி" என்றார். "திருட்டு இல்ல, சரி. பொய்யாவது இருக்கே. எழுதினது யாரு?"

"நான்தான் சார்" என்றார் ஜோசியர்.

"உங்க ரூட் பதினஞ்சுதானே? பதினாலாம் ரூட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

ஜோசியர் சொன்னார். அலங்காரம் இல்லாமல், திக்கித் திக்கி, முதல் மாடியில் உட்கார்ந்துவிடுகிற ஆளைப் பற்றிச் சொன்னார். சொல்லி முடித்ததும் செயற்பொறியாளரின் முகத்தில் இரக்கம் எதுவும் தெரியவில்லை. அவருக்கு ஆத்திரம்தான் வந்திருந்தது.

"வேலைக்கு வராத ஆள் கையெழுத்துப் போட்டிருக்கான். வேற ஒருத்தர் ரீடிங் எடுத்திருக்காரு. தேதி பொய். அதை வச்சு ஒரு அறிக்கை. அந்த அறிக்கையை நம்பி நான் ஒருத்தன் சோத்துல மண்ணைப் போடப் பாத்தேன். இந்த ஆபீஸ்ல எதைத்தான் நம்பறது?"

"என்னை நம்பினீங்க சார்" என்றாள் புள்ளியக்கா. "தப்பு அங்கதான். இவங்க பொய் எழுதினது ஒருத்தரைக் காப்பாத்த. நான் எழுதினது, கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு. பாக்காமலே எழுதினேன். எது பெரிய தப்புன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். தபால்காரர் வாசலில் பையோடு வந்து நின்றார்; செயற்பொறியாளர் கையை அசைத்துப் பொறுக்கச் சொன்னார். அந்த அரை நிமிஷத்தில் அவள் கடவுளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. பேனா எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பேனாவை எடுத்து உத்தரவின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"தப்பை விட்டுட முடியாது" என்றார். "உங்களுக்கு ஒரு இன்கிரிமென்ட் போகும், ஜோசியரே. பொய்த் தேதிக்கு." அந்தப் பட்டப்பெயர் அவருக்கும் தெரிந்திருந்தது. "அவருக்கு வராத நாளுக்கெல்லாம் சம்பளம் பிடிப்பேன். மேடம், உங்க ஃபைல்ல ஒரு குறிப்பு எழுதுவேன்."

"எழுதுங்க சார்."

"தலைமை ஆபீஸுக்குத் திருத்தம் இன்னிக்கே போகணும். உங்க கையெழுத்துல." சற்று நிறுத்தினார். "உங்க பிரிவுல ஒரு நாற்காலி காலியா இருக்குன்னு கோப்புல பாத்தேன். உக்காந்து செய்யற வேலை இருக்கா?"

"கூட்டல் இருக்கு சார். மலையா குவிஞ்சிருக்கு."

"வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரி போக, மீதி நாள் வந்து கூட்டட்டும். இலகுவான பணின்னு மருத்துவச் சான்று வாங்கிட்டு வரச் சொல்லுங்க. தொடர்ந்தாப்பல லீவு போட்டாத்தானே தொண்ணூறு நாள் கணக்கு. அட்டை நிக்கும்னு நெனைக்கறேன். நானும் மேல பேசறேன்." பிறகு ஜோசியர் பக்கம் திரும்பினார். "இன்னிக்கும் பன்னெண்டாந் தேதி. கையில இருக்கறது எந்த ரூட் புத்தகம்?"

ஜோசியர் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "பதினாலு சார்."

"எத்தனை வீடு பாக்கி?"

"நூத்தி பத்து இருக்கும்."

"அப்ப இங்க நின்னு என்ன பண்றீங்க? வெளிச்சம் இருக்கும்போதே முடிங்க. தேதியை மட்டும் சரியா போடுங்க. கம்ப்யூட்டர் வாங்கலேன்னா என்கிட்ட வாங்க, அதை நான் கேட்டுக்கறேன்."

ஜோசியர் கும்பிடக்கூட மறந்து படியிறங்கினார். பருத்த மனிதர் அவ்வளவு வேகமாக இறங்கி யாரும் பார்த்ததில்லை.

புள்ளியக்கா திருத்தத்தை எழுதினாள். 'பதினான்காம் ரூட்டில் ரீடிங் இருபத்தொரு நாட்களுக்கு மட்டும் எடுக்கப்பட்டது. முப்பது நாட்களுக்குக் கணக்கிட்டால் இழப்பு வழக்கம்போல் பதிமூன்று விழுக்காடே. திருட்டு என்று எழுதியது பார்க்காமல் எழுதிய என் தவறு.' கடைசி வாக்கியம் தேவையில்லை என்று தட்டச்சர் சொன்னார். அவள் அதை எடுக்கவில்லை. அவர் அடித்துக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டுத் தபால்காரரிடம் கொடுத்தாள். பிறகு கண்ணாடியைத் தூக்கி அந்தத் துண்டுச் சீட்டை எடுத்துக் கிழித்துப் போட்டாள்.

அத்தோடு முடிந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, அவர் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை அப்படி எழுதியிருப்ப?"

அவளுக்குத் தெரியவில்லை. யாரும் படிக்கவில்லை என்று நினைத்திருந்தாள். படிக்கவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை வேகம் வந்தான். கையில் கட்டு, முகம் மஞ்சளாக. காலி நாற்காலியைத் துடைத்து, அதன்மேல் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த திண்டை அவள் போட்டு வைத்திருந்தாள். அவன் உட்காராமல் நின்றான்.

"அக்கா, உங்களுக்கு நான் என்ன..."

"உக்காருப்பா முதல்ல. கூட்டல் அப்புறம். முதல்ல இந்த வேலை" என்று ஆறு வருஷத்து அறிக்கைக் கட்டுகளை அவன் முன்னால் வைத்தாள். பதினோராவது கட்டத்தில் என் வாசகம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அந்த வரியையெல்லாம் எடுத்துச் சொல் என்றாள்.

அவன் ஒரு நிமிஷம் அந்தக் கட்டுகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். எதையும் கேட்காமல் முதல் கட்டின் கயிற்றை அவிழ்த்தான். விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினான். பழைய பழக்கம், சட்டென்று போனான்.

"முதல் வருஷம், ஏழாவது மாசம். இருபத்திநாலு பர்சன்ட். இங்க இருக்குக்கா."

"யார் ரூட்டு?"

அவன் சொன்னான். அந்த ஆள் இப்போது வேலையில் இல்லை. எப்படிப் போனார் என்பது இருவருக்கும் நினைவில்லை.

"நம்பர் இருக்கா அவர்து?"

"பழைய ரெஜிஸ்டர்ல இருக்கும்."

"எடு" என்றாள் அவள், போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.